பலத்த காற்றில் டில்லர் இழுக்கிறது, மெல்லிய காற்றில் மூக்கு விலகுகிறது: பாய்மரத்தைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வியின் சாரம் இது. பழையதாக வாங்கிய 15 அடி ஃபைபர் பாய்ப்படகு. மெயின் (பெரிய பாய்), ஜிப் (முன்னால் உள்ள சிறிய பாய்) என்று இரண்டு பாய்கள். கீலில் (அச்சு மூட்டில்) சுழன்று ஏறி இறங்கும் சென்டர்போர்டு, அதாவது படகு பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கும் நடுப்பலகை. தூக்கி இறக்கும் சுக்கான். பிற்பகலில் கடற்காற்று ஏறியதும், எதிர்க்காற்றில் நெருக்கி ஓட்டும்போது டில்லரை (சுக்கானைத் திருப்பும் கைப்பிடியை) இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பிடித்தும் சில வீச்சுகளில் படகு தானே காற்றை நோக்கித் திரும்பி நின்றுவிடுகிறது. ஆனால் காலையின் மெல்லிய காற்றில் அதே படகின் மூக்கு காற்றை விட்டு விலகி விலகிப் போகிறது. "பாய்மரத்தை முன்பக்கம் சாய்த்துவிடுங்கள், சரியாகிவிடும்" என்று ஒருவர் சொன்னாராம். செய்யலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டாவது அறிகுறிதான் முக்கியமானது. பாய்மரத்தின் பின்சாய்வு மட்டுமே கோளாறு என்றால், எல்லாக் காற்றிலும் படகு ஒரே பக்கம்தான் இழுக்க வேண்டும். காற்று ஏறினால் ஒரு பக்கமும் இறங்கினால் மறுபக்கமும் இழுக்கிறது என்றால், காற்றோடு சேர்ந்து மாறுகிற ஏதோ ஒன்று காரணம். படகின் பக்கச் சாய்வு, பாயின் வடிவம், கம்பிகளின் தளர்வு ஆகிய மூன்றும்தான் அப்படி மாறுபவை. பாய்மரத்தை முன்னால் கொண்டுபோனால் பிற்பகல் இழுப்பு கொஞ்சம் குறையலாம். காலைத் தொல்லை நிச்சயம் கூடும்.

எண்டர்பிரைஸ், ஜிபி14, வேஃபேரர் போன்ற படகுகள் எல்லாம் இந்த அமைப்புதான். கீழே சொல்வது அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். கணக்குக்காக, டெக்குக்கு மேல் 6 மீட்டர் பாய்மரம், தண்ணீருக்குள் 1.1 மீட்டர் இறங்கும் சென்டர்போர்டு, 90 செ.மீ. டில்லர் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் படகில் அளந்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் சுக்கான்

டில்லர் கனமாக இருப்பது வேறு, படகு காற்றை நோக்கித் திரும்ப முயல்வது வேறு. இரண்டையும் 'வெதர் ஹெல்ம்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். மருந்து வேறு வேறு. படகு உண்மையிலேயே திரும்ப முயன்றால், நேராக ஓட்டுவதற்கு டில்லரை நடுக்கோட்டிலிருந்து கணிசமாகத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும். டில்லர் கிட்டத்தட்ட நடுவிலேயே இருந்தும் கை வலித்தால் கோளாறு சுக்கானில் இருக்கிறது.

தூக்கி இறக்கும் சுக்கானில் இது மிகச் சாதாரணம். சுக்கானின் அலகு (நீருக்குள் இறங்கும் தகடு) செங்குத்தாக நிற்கும்போது, நீரின் அழுத்தம் கீல் அச்சுக்குச் சுமார் 6 செ.மீ. பின்னால் விழும் என்று கொள்ளுங்கள். இறக்கிக் கட்டும் கயிறு தளர்ந்து, அலகு 20 டிகிரி பின்னால் எழும்பிவிட்டால், அழுத்த மையம் இன்னும் 12 செ.மீ. பின்னுக்குப் போய்விடும். 6 செ.மீ. நெம்பு 18 ஆகிறது. அதே காற்று, அதே வேகம், கையில் மூன்று மடங்கு கனம். பாயிலோ பாய்மரத்திலோ என்ன மாற்றம் செய்தாலும் இது தீராது.

கரையில் சுக்கானை மாட்டி முழுக்க இறக்குங்கள். அலகின் முன்விளிம்பு கீல்களின் கோட்டுக்கு இணையாக நிற்கிறதா என்று பக்கவாட்டில் இருந்து பாருங்கள். பிறகு இறக்கும் கயிற்றைக் கட்டிவிட்டு, அலகின் நுனியைப் பின்னால் கையால் தள்ளுங்கள். 2 செ.மீ.க்கு மேல் நகர்ந்தால் தண்ணீரில் இன்னும் அதிகம் நகரும். ரப்பர் கயிறோ நைலான் கயிறோ போட்டிருந்தால் கழற்றிவிட்டு 4 மி.மீ. டைனீமா போடுங்கள், அது நீளாது. தரை தட்டினால் தானே விட்டுவிடும் க்ளீட் (கயிற்றுப் பிடிப்பான்) வைத்தால் அலகும் தப்பும். நடு போல்ட்டின் நட்டை, அலகு கையால் தள்ளினால் மட்டும் நகரும் அளவுக்கு இறுக்குங்கள்.

அலகை அச்சுக்கு முன்னால் தள்ளிவிடவும் கூடாது. கொஞ்சம் முன்னால் போனால் டில்லர் இலகுவாகும். அதைத் தாண்டினால் திடீரென்று ஒரு பக்கம் பிடுங்கும், கையில் எந்தச் செய்தியும் வராது. கீல்களில் ஆட்டம் இருந்தால் டில்லர் நடுங்கும், வேகத்தில் ரீங்காரம் கேட்கும், புஷ் மாற்றுங்கள். அலகின் முன்விளிம்பில் உள்ள வெட்டுக்காயங்களை எபாக்சியால் நிரப்பி 400 எண் தாளால் நீர் விட்டுத் தேயுங்கள். கரடான முன்விளிம்பில் நீரோட்டம் சீக்கிரமே பிய்ந்துபோகும். அந்த நொடியில் சுக்கான் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். சென்னைத் துறைமுக நீரில் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: ஒரு பிளாஸ்டிக் பையோ வலைத்துண்டோ அலகில் சிக்கினாலே எல்லாக் கணக்கும் தப்பாகும். சந்தேகம் வந்தால் அலகை ஒருமுறை தூக்கி இறக்குங்கள்.

டில்லர் கோணத்தை அளப்பது

டில்லர் நேராக இருக்கும்போது, கீலிலிருந்து 90 செ.மீ. தள்ளி அதன் கீழே வரும் இடத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். நடுக்கோடு ஒன்று, இரு பக்கமும் 5, 8, 16 செ.மீ. தூரத்தில் கோடுகள். இவை முறையே ஏறத்தாழ 3, 5, 10 டிகிரி.

எதிர்க்காற்றில் ஓட்டும்போது 3 முதல் 5 டிகிரி வரை உங்கள் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் அது நல்லது. சுக்கானும் சென்டர்போர்டோடு சேர்ந்து படகைப் பக்கவாட்டில் வழுக்காமல் பிடிக்கிறது, வீச்சு வந்தது கைக்கும் தெரிகிறது. 10 டிகிரியில் சுக்கான் பிரேக்காக மாறிவிடும், ட்ரான்சத்துக்கு (படகின் தட்டையான பின்சுவருக்கு) பின்னால் நீர் குமுறுவதைக் கேட்கலாம். 15ஐ நெருங்கினால் நீரோட்டம் அலகை விட்டு விலகும். நீங்கள் சொன்ன 'பிடித்தும் திரும்பி நின்றுவிடுகிறது' என்பது பெரும்பாலும் இந்த நிலைதான். அந்த நேரத்தில் இன்னும் பலமாக இழுப்பது பயன் தராது. மெயின் ஷீட்டை (மெயின் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றை) தளர்த்துங்கள், டில்லரை ஒரு நொடி நடுவுக்கு விடுங்கள், நீரோட்டம் மறுபடி ஒட்டட்டும், பிறகு இழுங்கள்.

சாய்வு எவ்வளவு பெரிய குற்றவாளி

பாய்களின் விசை எல்லாம் சேர்ந்து ஒரு புள்ளியில் விழுவதாகக் கொள்வோம். அது தண்ணீர்மட்டத்துக்குச் சுமார் 3 மீட்டர் மேலே இருக்கும். படகு நிமிர்ந்திருந்தால் அந்தப் புள்ளி படகின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே. 10 டிகிரி சாய்ந்தால் 52 செ.மீ. வெளியே போய்விடும். 20 டிகிரியில் ஒரு மீட்டரையும் தாண்டும். பாயின் முன்விசை அங்கிருந்து படகை முன்னால் தள்ளுகிறது. படகின் உடலோ நடுவில் இருந்து பின்னால் இழுக்கிறது. படகு காற்றை நோக்கித் திரும்பாமல் என்ன செய்யும்? சாய்ந்த உடலின் நீர்க்கோடு ஒரு பக்கம் வளைந்துபோவதும் அதே திசையில்தான் திருப்பும்.

இதைப் பாய்மரத்தைச் சாய்ப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாய்மர உச்சியை 10 செ.மீ. முன்னால் கொண்டுபோவது சிறு படகில் பெரிய மாற்றம். அதனால் விசை மையம் நகர்வது 4 முதல் 5 செ.மீ. மட்டுமே. இந்த நெம்பில் வேலை செய்வது முன்விசை அல்ல, பக்கவிசை. எதிர்க்காற்றில் அது முன்விசையைப் போல் மூன்று நான்கு மடங்கு இருக்கும். அந்தச் சலுகையைக் கொடுத்துப் பார்த்தாலும், 10 டிகிரிச் சாய்வின் 52 செ.மீ.யைப் பக்கவிசைக் கணக்கில் மாற்றினால் சுமார் 15 செ.மீ. வருகிறது. 20 டிகிரிக்கு 30. பாய்மரத்தை முன்னால் சாய்த்து நீங்கள் மிச்சப்படுத்தும் 4 செ.மீ.யைப் படகு சாயும் முதல் 3 டிகிரியே தின்றுவிடும்.

காலையில் மூக்கு விலகுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம், திசை மட்டும் எதிர். 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) காற்றில் பழக்கத்தால் இருவரும் காற்று வரும் பக்கமே உட்கார்ந்திருப்பீர்கள். படகு உங்கள் பக்கம் சாய்ந்து, மூக்கு காற்றை விட்டு விலகுகிறது. ஒருவர் எதிர்ப்பக்கம் போய், படகைக் காற்று போகும் பக்கமாக 5 டிகிரி சாய வையுங்கள். மூக்கும் நிற்கும், பாயும் தன் எடையால் வடிவத்துக்கு விழும்.

பிற்பகலுக்கான சோதனை நேரடியானது. 10 நாட் அளவில் காற்று இருக்கும்போது நெருக்கி ஓட்டுங்கள். டேப்பில் கோணத்தைப் பாருங்கள். இருவரும் முழுக்க வெளியே சாய்ந்து, மெயினையும் கொஞ்சம் விட்டு, படகைத் தட்டையாக்குங்கள். மறுபடி டேப்பைப் பாருங்கள். 12 டிகிரியில் இருந்த டில்லர் 5க்கு வந்துவிட்டால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. மீதி எல்லாம் படகைத் தட்டையாக வைத்திருக்க உதவும் வேலைகள்.

முன்பின் எடையையும் கவனியுங்கள். முன்னால் நெருங்கி உட்கார்ந்து மூக்கு அமிழ்ந்தால், பக்கவாட்டுத் தடை முன்னுக்கு நகர்ந்து இழுப்பு கூடும். ட்ரான்சத்தின் கீழ்விளிம்பு நீரை லேசாக விட்டு நிற்கும்படி, இருவரும் தோளோடு தோள் நெருங்கி நடுவில் உட்காருவதுதான் எதிர்க்காற்றுக்குச் சரி.

மெயின் பாய்

படகு சாய்வதற்கு மெயின்தான் முதல் காரணம். அதிலும் பாயின் பின்விளிம்பு, அதாவது லீச். மேல் பேட்டன் (பாயை விறைப்பாக வைக்கும் குச்சி) அருகே லீச்சில் 15 செ.மீ. கம்பளி நூல் ஒன்று தைத்துவிடுங்கள். நடுத்தரக் காற்றில் மேல் பேட்டன் பூமுக்கு (மெயின் பாயின் அடியில் உள்ள கிடைத்தண்டுக்கு) இணையாகவும், அந்த நூல் பாதிக்கு மேற்பட்ட நேரம் பின்னால் பறந்துகொண்டும் இருக்க வேண்டும். நூல் எப்போதும் பாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் ஷீட் அதிக இறுக்கம். பேட்டன் நுனி காற்று வரும் பக்கம் மடங்கி நின்றால், அந்தப் பாய் படகின் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும்.

காற்று ஏறும்போது வரிசை இதுதான்: அவுட்ஹாலை (பாயின் பின்மூலையைப் பூம் நுனிக்கு இழுக்கும் கயிற்றை) இழுத்துப் பாயின் கீழ்ப்பகுதியைத் தட்டையாக்குங்கள். பூமின் நடுவில் பாய்க்கும் பூமுக்கும் இடைவெளி மெல்லிய காற்றில் 10 செ.மீ. இருந்தால், பலத்த காற்றில் 3 செ.மீ. போதும். அடுத்து கன்னிங்ஹாம், அதாவது பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு. பழைய துணியில் காற்று ஏறினால் பாயின் வயிறு பின்னால் நகரும். கன்னிங்ஹாம் அதை முன்னால் இழுக்கிறது. கீழிருந்து பாயை அண்ணாந்து பார்த்தால், ஆழமான இடம் முன்விளிம்பிலிருந்து 40 முதல் 45 சதவீதத்தில் இருக்க வேண்டும். 50ஐத் தாண்டியிருந்தால் கன்னிங்ஹாம் போதவில்லை. கன்னிங்ஹாம் இல்லாத படகில் மெயின் ஹால்யார்டை (பாயை மேலே ஏற்றும் கயிற்றை) இன்னும் இறுக்கினாலும் ஓரளவு இதே பலன். பாயின் முன்விளிம்பில் கிடைமட்டச் சுருக்கங்கள் தெரிந்தால் தளர்வு, செங்குத்தாக ஒரு மடிப்பு எழுந்தால் அதிக இறுக்கம்.

மூன்றாவதாகக் கிக்கர், அதாவது பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் கயிறு. அகலமான ட்ராவலர் (ஷீட் பக்கவாட்டில் நகரும் குறுக்குத் தண்டவாளம்) இல்லாத படகில், வீச்சு வரும்போது ஷீட்டை விட்டால் பூம் பக்கவாட்டில் மட்டும் போகாமல் மேலேயும் எழும்பும். கிக்கர் இறுக்கமாக இருந்தால் பூம் மட்டமாகவே வெளியே போகும். பாய்மரமும் வளைந்து பாய் தட்டையாகும். ஆனால் பக்கக்காற்றில் இதே கிக்கர் ஆபத்து. படகு சாய்ந்து பூம் நுனி தண்ணீரைத் தொட்டால் ஷீட்டை விட்டும் பாய் திறக்காது, படகு வேகமாகக் காற்றை நோக்கிச் சுழலும். எதிர்க்காற்று மார்க்கத்தை விட்டுப் பக்கக்காற்றுக்குத் திருப்பும் முன்பே கிக்கரை விடும் பழக்கம் வேண்டும்.

ஷீட்டை வைத்து விளையாடுவதுதான் கடைசிச் சாதனம், முதல் சாதனமும் அதுவே. வீச்சு வருவதைத் தண்ணீரின் கருமையில் பார்த்ததும், சாயும் முன்பே ஒரு கை அளவு விடுங்கள். சாய்ந்த பிறகு விட்டால் இரு மடங்கு விட வேண்டியிருக்கும். இவ்வளவுக்கும் பிறகு படகைத் தட்டையாக வைக்க முடியவில்லை என்றால், பாய் உங்கள் எடைக்கு அதிகம், ரீஃப் போடுங்கள், அதாவது மெயினின் அடிப்பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறையுங்கள். ஜிப்பை மட்டும் சுருட்டிவிட்டு முழு மெயினோடு ஓட்டுவது இந்த நோய்க்கு மிக மோசமான மருந்து. முன்னால் இருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த பாய் போய்விடுகிறது, பின்னால் தள்ளும் பாய் அப்படியே இருக்கிறது.

சென்டர்போர்டு

பாய்மரத்தை விட இதைத் திருத்துவது எளிது, பலன் பல மடங்கு. கீலில் சுழலும் போர்டு மேலே வரும்போது பின்னாலும் போகிறது. அதன் நடுப்புள்ளி கீலிலிருந்து 55 செ.மீ. கீழே என்றால், 20 டிகிரி தூக்கினாலே பக்கவாட்டுத் தடையின் மையம் 19 செ.மீ. பின்னால் நகர்கிறது, இழுப்பு குறைகிறது. ஆழத்தில் இழப்பது 6 சதவீதம்தான். 30 டிகிரிக்கு 27 செ.மீ. நகர்வு, 13 சதவீத இழப்பு. பலத்த காற்றில் வேகம் இருப்பதால் சிறிய போர்டே போதும், இந்த இழப்பு பொருட்டல்ல. மெல்லிய காற்றில் முழுக்க இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கவாட்டில் வழுக்கும்.

உங்கள் போர்டு எந்த நிலையில் நிற்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. படகைக் கரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, போர்டை முழுக்க இறக்கி, பிடியின் மேல் ஒரு குறி போடுங்கள். 20, 30 டிகிரிக்கும் குறிகள். பழைய படகுகளில் போர்டு நிறுத்தும் ரப்பர் அல்லது கட்டை தேய்ந்து, போர்டு செங்குத்தைத் தாண்டி முன்னால் போயிருப்பதைப் பார்க்கலாம். 10 டிகிரி முன்னால் போனால் தடை மையம் கிட்டத்தட்ட 10 செ.மீ. முன்னே வந்துவிடும். 'முழுக்க இறக்கி ஓட்டுகிறேன், இழுக்கிறது' என்று சொல்லும் படகுகளில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் போர்டு பக்கவாட்டில் ஆடினால், ஒவ்வொரு டேக்கிலும் (காற்றை இடமோ வலமோ வாங்கி ஓட்டும் ஒவ்வொரு பக்கத்திலும்) அது வேறு கோணத்தில் நிற்கும். பெட்டியின் கீழ்வாயில் மெல்லிய பட்டைகள் ஒட்டி ஆட்டத்தை நீக்குங்கள்.

இப்போது பாய்மரமும் கம்பிகளும்

மேலே சொன்னவை சரியான பிறகே இது. ஆனால் கம்பித் தளர்வை மட்டும் முன்பே பார்த்துவிடலாம், ஏனென்றால் காற்றோடு மாறும் அறிகுறிக்கு அது நேரடிக் காரணம். ஷ்ரவுட்கள் (பாய்மரத்தை இரு பக்கமும் பிடிக்கும் கம்பிகள்) தளர்ந்த படகில் வீச்சு வரும்போது பாய்மரம் மொத்தமும் காற்று போகும் பக்கம் சாய்கிறது, மெயின் ஷீட் உச்சியைப் பின்னால் இழுக்கிறது, ஜிப்பின் முன்விளிம்பு தொய்கிறது. கரையில் நீங்கள் அளந்த பின்சாய்வு ஒன்று, தண்ணீரில் காற்று தீர்மானிக்கும் பின்சாய்வு வேறொன்று. தொய்ந்த ஜிப்பின் வயிறு ஆழமாகும். மூக்கை இழுக்கும் வேலையை விட்டுவிட்டுப் படகைச் சாய்க்கும் வேலையைச் செய்யும்.

இவ்வகைப் படகுகளில் ஜிப்பை ஏற்றியதும் சுமையைத் தாங்குவது ஃபோர்ஸ்டே (பாய்மரத்தை முன்பக்கம் பிடிக்கும் கம்பி) அல்ல, ஜிப்பின் முன்விளிம்புக் கம்பியும் அதன் ஹால்யார்டும். ஃபோர்ஸ்டே கரையில் பாய்மரம் விழாமல் பிடிக்க மட்டுமே. ஜிப் இறுகிய பின் அது லேசாகத் தொங்கினால்தான் சரி. எனவே இறுக்கத்தைக் கொடுப்பது ஜிப் ஹால்யார்டு. கயிறு மட்டும் இருந்து க்ளீட்டில் கட்டுபவராக இருந்தால், கம்பி ஹால்யார்டும் கொக்கிப் பட்டையும், அல்லது கப்பித் தொகுதியும் போடுங்கள். ஒருவர் ஃபோர்ஸ்டேயில் தன் எடையைப் போட்டுத் தொங்க, மற்றவர் ஹால்யார்டின் கண்ணியை அடுத்த கொக்கியில் மாட்டுவது எளிய முறை.

எவ்வளவு இறுக்கம்? 3 மி.மீ. தடிப்பில் 19 இழைகள் கொண்ட துருப்பிடிக்காத எஃகுக் கம்பி சுமார் 700 கிலோவில் அறும். அதில் 15 முதல் 20 சதவீதம், அதாவது 100 முதல் 140 கிலோ ஷ்ரவுட்டில் இருக்கலாம். பழைய உடலில் 100க்கு மேல் போகும் முன், பாய்மர அடியையும் ஷ்ரவுட் பொருந்தும் உலோகத் தகடுகளையும் பாருங்கள். அங்கே ஃபைபரில் நட்சத்திர விரிசலோ, அடிக்கட்டையில் மென்மையோ தெரிந்தால் முதலில் அதைப் பழுது பாருங்கள். லூஸ் மானி (கம்பியின் இறுக்கத்தை அளக்கும் கருவி) இருந்தால் நேரடியாக அளக்கலாம். இல்லாதவர்களுக்கு ஒரு மடக்கு அளவுகோல் போதும். கம்பி கையால் மட்டும் இறுகிய நிலையில், 2 மீட்டர் அளவுகோலின் மேல்முனையைக் கம்பியோடு டேப்பால் ஒட்டி, கீழ்முனை வரும் இடத்தில் கம்பியில் குறி போடுங்கள். இப்போது இறுக்குங்கள். குறி அளவுகோலை விட்டு 1 மி.மீ. நகர்ந்தால் அறும் சுமையில் 5 சதவீதம், 3 மி.மீ. என்றால் 15. இவ்வகைக் கம்பியில் எந்தத் தடிப்புக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

தண்ணீரில் சரிபார்ப்பது: நடுத்தரக் காற்றில் நெருக்கி ஓட்டும்போது காற்று போகும் பக்கத்து ஷ்ரவுட் அப்போதுதான் தளரத் தொடங்க வேண்டும். அது காற்றில் ஊசலாடினால் இறுக்கம் போதாது.

பாய்மரம் இடமோ வலமோ சாய்ந்து நிற்கிறதா என்று பார்க்க, மெயின் ஹால்யார்டில் ஒரு எஃகு டேப்பை ஏற்றி இரு பக்கத் தகடுகளுக்கும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருக்கட்டும். பிறகு அதே டேப்பால் ட்ரான்சத்தின் மேல்விளிம்பின் நடுவுக்கு அளந்து எழுதி வையுங்கள். பின்சாய்வுக்கு இந்த அளவே நம்பகமானது, ஏனென்றால் படகு தள்ளுவண்டியில் எப்படிச் சரிந்து நின்றாலும் இது மாறாது. தூக்குக்குண்டு விட்டு அளப்பவர்கள் முதலில் படகை மிதக்கும் நிலையில் மட்டம் வைக்க வேண்டும். அப்போது 2 முதல் 4 டிகிரி, அதாவது 6 மீட்டருக்கு 21 முதல் 42 செ.மீ. பின்சாய்வு இருந்தால் வழக்கமான எல்லைக்குள் இருக்கிறது. உங்கள் வகுப்புக்கென்று வெளியான ட்யூனிங் அளவு இருந்தால் அதைத்தான் தொடக்கப்புள்ளியாக எடுக்க வேண்டும். அளவுகளை ஜிப் ஏற்றி, இறுக்கம் கொடுத்த பிறகே எடுங்கள். தளர்ந்த நிலையில் எடுத்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

எல்லாம் முடிந்து, 8 முதல் 10 நாட் காற்றில், படகு தட்டையாக, போர்டு முழுக்க இறங்கி, மெயின் லீச் திறந்த நிலையிலும் டில்லர் 5 டிகிரியைத் தாண்டினால் மட்டும் பாய்மரத்தை முன்னால் கொண்டுபோங்கள். ஜிப் ஹால்யார்டை 1 செ.மீ. சுருக்கினால் உச்சி சுமார் 4 செ.மீ. முன்னால் வரும், ட்ரான்ச அளவு 2 செ.மீ. அளவில் கூடும். ஷ்ரவுட்கள் பாய்மரத்துக்குச் சற்றுப் பின்னால் பொருந்தியிருப்பதால், அவற்றை இரு பக்கமும் ஒரு ஓட்டை நீட்ட வேண்டியிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு ஓட்டை மட்டும், பிறகு மறுபடி தண்ணீரில் டில்லருக்குக் கீழே ஒட்டிய டேப்பைப் பார்ப்பது.

பந்தயக்காரர்கள் பலத்த காற்றில் பாய்மரத்தை இன்னும் பின்னால் சாய்ப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பின்சாய்வு கூடினால் மெயினின் மேல்பகுதி திறந்து காற்றை விட்டுவிடுகிறது, படகு நிமிர்கிறது, இழுப்பு குறைகிறது. விசை மையம் சில செ.மீ. பின்னால் போனதைப் போர்டைக் கொஞ்சம் தூக்கிச் சமன் செய்துவிடுகிறார்கள். நிமிர்ந்த படகுதான் இலகுவான டில்லர் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஸ்ப்ரெடர் (ஷ்ரவுட்டை வெளியே தள்ளிப் பிடிக்கும் குறுக்குத்தண்டு) உள்ள பாய்மரமென்றால் இன்னொரு அளவு: ஹால்யார்டை உச்சியிலிருந்து பூம் மூட்டு வரை இழுத்துப் பிடித்து, நடுவில் பாய்மரத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 2 முதல் 3 செ.மீ. முன்வளைவு இருந்தால் மெயின் ஒழுங்காகத் தட்டையாகும். ஸ்ப்ரெடர் நுனிகள் பின்னால் போனால் வளைவு கூடும், முன்னால் வந்தால் பாய்மரம் விறைக்கும். இரண்டும் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும்.

ஒரு டேக்கில் மட்டும் இழுத்தால்

அது பாய் சம்பந்தப்பட்டதல்ல, கோணல் சம்பந்தப்பட்டது. பாய்மரம் பக்கவாட்டில் சாய்ந்திருப்பது, ஷ்ரவுட்கள் வேறு வேறு நீளத்தில் மாட்டியிருப்பது, போர்டோ சுக்கான் அலகோ முறுக்கியிருப்பது, ஜிப் ஷீட் கப்பிகள் இரு பக்கமும் வேறு ஓட்டையில் இருப்பது. கடைசியாகச் சொன்னதைத் தான் நிறையப் பேர் பார்ப்பதில்லை. ஜிப்பின் முன்விளிம்பில் மூன்று உயரங்களில் நூல் ஒட்டி, மெல்ல மெல்லக் காற்றை நோக்கித் திருப்புங்கள். மூன்று நூல்களும் ஒன்றாகத் துள்ள வேண்டும். மேல்நூல் முதலில் துள்ளினால் கப்பியை முன்னால் நகர்த்துங்கள், கீழ்நூல் முதலில் என்றால் பின்னால்.

கம்பிகளைக் கழற்றி மாட்டும் நேரத்தில் முனைகளை விரலால் தடவிப் பாருங்கள். அழுத்தி இணைத்த இடத்தில் ஒரே ஓர் இழை அறுந்து முள்ளாக நின்றாலும் அந்தக் கம்பியை மாற்ற வேண்டும். உப்புக் காற்றில் அடுத்த இழைக்கு நீண்ட நாள் ஆகாது.

துணியே போய்விட்டதா என்று அறிய

கன்னிங்ஹாமும் அவுட்ஹாலும் முழு இறுக்கம், பாய்மரம் வளைந்திருக்கிறது, அப்படியும் மெயினின் வயிறு பாதிக்குப் பின்னால்தான் நிற்கிறது, லீச் உள்நோக்கி மடங்குகிறது என்றால் துணி தளர்ந்துவிட்டது. பூமின் கீழே படுத்துக்கொண்டு கைப்பேசியால் பாயை நேராக மேல்நோக்கிப் படமெடுங்கள். குறுக்குத் தையல்களின் வளைவு படத்தில் தெளிவாகத் தெரியும், ஆழமான இடத்தை அளந்துகொள்ளலாம். லீச்சுக்குள் ஓடும் மெல்லிய கயிறு இறுகிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை விட்டாலே சில பாய்கள் திறந்துகொள்ளும். பேட்டன்கள் அதிக அழுத்தத்தில் பைக்குள் திணிக்கப்பட்டிருந்தாலும் இப்படித் தோன்றும். இரண்டும் இல்லையென்றால் படத்தைப் பாய் தைப்பவரிடம் காட்டுங்கள். நல்ல துணியாக இருந்தால் தையல்களைப் பிரித்துப் பின்பகுதியைத் தட்டையாக்கித் தருவார்; விரலால் மடித்தால் காகிதம்போல் மடிப்பு விழாமல் துவண்டு விழும் துணிக்கு அந்தச் செலவு வீண், புதுப் பாய் வாங்க வேண்டும்.